பெரிய தலையணை வாங்குமுன்: இயற்கைப் பொருளும் நம் ஊர் ஈரக்காற்றும்

சென்ற ஆண்டு நவம்பர் மழை சற்று ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பினாங்கு ஆயர் ஈத்தாமில் இருக்கும் என் அக்காள் வீட்டில் ஒரு பெரிய இலவம்பஞ்சுத் தலையணையைப் பிரித்துப் பார்த்தோம். வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. உறையை எத்தனை முறை துவைத்துப் போட்டாலும் புழுங்கிய வாடை போகவில்லை என்று அக்காள் சொல்லிக்கொண்டே இருந்தார். தையலை அறுத்ததும் ஓரத்துப் பஞ்சு பட்டுப்போல் வழுக்கிக்கொண்டு வந்தது. கையை நடுப்பகுதி வரை விட்டபோதுதான் கோழிமுட்டை அளவுக் கட்டிகள் அகப்பட்டன. ஒன்றை விரலால் பிட்டுப் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறப் புள்ளிகள், பூஞ்சணம். பஞ்சில் கலப்படம் ஏதுமில்லை, கடைக்காரர் சொன்னபடி அது அசல் கெக்காபுதான் (இலவம்பஞ்சின் மலாய்ப் பெயர்). நாங்கள் தேர்ந்தெடுத்த விதம்தான் தவறு.

பினாங்கானாலும் கோலாலம்பூரானாலும் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. இரவெல்லாம் தலையின் வியர்வையும் மூச்சின் ஈரமும் தலையணைக்குள் இறங்குகின்றன. பகலில் அவை வெளியேறியாக வேண்டும். சிறிய தலையணையாக இருந்தால் ஒரு வெயில் போதும். பெரிய தலையணையில் ஓரம் உலர்ந்த பிறகும் நடுப்பகுதி ஈரமாகவே இருக்கும், மறுநாள் இரவு அதன் மேலேயே அடுத்த ஈரம் இறங்கும். ஆகவே இயற்கைப் பொருளால் ஆன பெரிய தலையணையை வாங்க நினைப்பவர், அது எவ்வளவு மென்மையானது என்று கேட்பதற்கு முன், அதன் நடுப்பகுதி எப்படி உலரும், பையைத் திறந்து உள்ளே பார்க்க முடியுமா என்று கேட்பதே முறை. குளிர்சாதன அறையில் உறங்குபவர்களுக்கு இந்தக் கவலை இல்லை என்று பலர் எண்ணுகிறார்கள். காலையில் குளிர்சாதனத்தை அணைத்துச் சன்னலைத் திறந்தவுடன், வெளியிலிருந்து வரும் ஈரக்காற்று குளிர்ந்து கிடக்கும் படுக்கையின் மேல்தான் முதலில் படிகிறது.

அளவைக் கட்டிலுக்குப் பொருத்தி எடுப்பது அடுத்த தவறு. கிங் கட்டில் என்றால் கிங் தலையணை என்று எடுத்துவிடுகிறோம். கிங் தலையணை சுமார் 51 செ.மீ. அகலமும் 91 செ.மீ. நீளமும் கொண்டது, குவீன் தலையணையின் நீளம் 76 செ.மீ. நம் ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் உறைகளோ ஏறத்தாழ 48க்கு 74 செ.மீ. அளவில் தைக்கப்பட்டவை. பெரிய தலையணையை அந்த உறைக்குள் திணித்தால் பஞ்சு இறுகிக் கல்லாகிறது, காற்றுப் போக்கும் அடைபடுகிறது. உறையின் அளவை முதலில் பார்த்துவிட்டுத் தலையணையின் அளவை முடிவு செய்வது நல்லது.

அதைவிட முக்கியமாக, கழுத்துக்கு வேண்டியது நீள அகலம் அல்ல, உயரம். பக்கவாட்டில் படுப்பவர் தோள் சுவரில் படும்படி நின்று, தலையை நேராக வைத்துக்கொண்டு, காதுக்கும் சுவருக்கும் இடையே உள்ள தூரத்தை வீட்டில் ஒருவரை அளக்கச் சொல்லலாம். மெத்தையில் தோள் அமிழும் அளவைக் கழித்தால், தலை வைத்த பிறகு தலையணை எவ்வளவு உயரத்தில் நிற்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். மல்லாந்து படுப்பவருக்கு அதைவிடக் குறைவாகவும், குப்புறப் படுப்பவருக்கு இன்னும் குறைவாகவும் வேண்டும். ‘தலை வைத்த பிறகு’ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: புதிய இலவம்பஞ்சு உப்பலாக நிற்கும், சில வாரங்களில் படிந்துவிடும். ரப்பர் நுரையாலான லேடெக்ஸ் தலையணையோ முதல் நாள் நிற்கும் உயரத்திலேயே பல ஆண்டுகள் நிற்கும். கடையில் இரண்டையும் அருகருகே வைத்துக் கண்ணால் ஒப்பிட்டால் ஏமாற்றம்தான்.

‘இயற்கை’ என்ற சொல்லை அப்படியே நம்புவதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ‘மூங்கில் தலையணை’ என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலும் மேலுறையில் மட்டும் மூங்கிற்கூழிலிருந்து எடுத்த விஸ்கோஸ் நூல் இருக்கும். உள்ளே நறுக்கிய பாலியூரித்தேன் என்ற செயற்கை நுரைதான். ‘லேடெக்ஸ்’ என்று மட்டும் எழுதியிருந்தால், அதில் பெட்ரோலியத்திலிருந்து செய்த ஸ்டைரீன்-பியூட்டடையீன் ரப்பர் கலந்திருக்க இடமுண்டு. நம் பாட்டன் பாட்டிமார் விடியற்காலையில் நெற்றி விளக்கோடு வெட்டிய அதே பால்மரத்தின் பாலை நுரைக்கக் கடைந்து, அச்சில் ஊற்றி, வெப்பத்தில் இறுக வைக்கும் முறை 1929ஆம் ஆண்டு டன்லப் நிறுவனத்தில் உருவானது. இன்றும் அது டன்லப் முறை என்றே வழங்குகிறது. கந்தகம் முதலிய சில பொருள்களைச் சேர்க்காமல் அந்தப் பால் நிலையான நுரையாக இறுகாது. எனவே ‘நூறு விழுக்காடு இயற்கை லேடெக்ஸ்’ என்றால் அதிலுள்ள ரப்பர் முழுவதும் மரத்துப் பாலிலிருந்து வந்தது என்றே பொருள் கொள்ள வேண்டும். வேறு எதுவுமே சேரவில்லை என்று பொருளல்ல. ரப்பரில் இயற்கையானது எத்தனை விழுக்காடு என்று கேட்டு, அதை ரசீதில் எழுதித் தரச் சொல்வதில் வெட்கப்பட எதுவுமில்லை. பொய்யான விவரம் சொல்லிப் பொருள் விற்பது மலேசியாவில் 2011ஆம் ஆண்டின் வணிக விவரிப்புச் சட்டப்படி குற்றம். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சில் புகார் செய்யும்போது, எழுத்தில் உள்ள விவரம்தான் கைகொடுக்கும்.

பஞ்சை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு சிட்டிகைப் பஞ்சை எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் போடுங்கள். இலவம்பஞ்சின் இழை உள்ளே குழலாக இருக்கிறது, மேலே மெழுகுப் பூச்சும் உண்டு. அதனால் விரலால் அமுக்கிவிட்டாலும் மேலே வந்து மிதக்கும். அந்தக் காலத்தில் உயிர்காப்பு அங்கிகளுக்குள் இதை அடைத்ததும் இதனால்தான். வெளுத்த பருத்தி நனைந்து அடியில் இறங்கிவிடும். ஆனால் இத்தோடு நிறுத்திவிடக் கூடாது, ஏனெனில் சில பாலியஸ்டர் இழைகளும் தண்ணீரை ஒட்டவிடாமல் மிதக்கும். பாத்திரம் கழுவும் தொட்டியின் மேல், இடுக்கியில் நான்கைந்து இழைகளை மட்டும் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள். இலவம்பஞ்சும் பருத்தியும் காகிதம் எரியும் வாடையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் சுருண்டு உருகி, ஆறியதும் கடினமான கறுப்பு மணியாக நிற்கும். இலவம்பஞ்சு குபீரென்று பற்றிக்கொள்ளும் என்பதால் தலையணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள்.

இந்தச் சோதனைக்குப் பஞ்சை வெளியே எடுக்க வேண்டுமே என்று கேட்பீர்கள். நான்கு பக்கமும் தைத்து மூடிய பையை வாங்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதற்காகவும்தான். உட்பை நெருக்கமாக நெய்த பருத்தித் துணியாக இருக்க வேண்டும், அதில் ஜிப் இருக்க வேண்டும். இலவம்பஞ்சின் இழை குட்டையானது, வழுவழுப்பானது. நெசவு தளர்ந்திருந்தால் ஒவ்வொரு தட்டுக்கும் துகள் வெளியேறும். கடையில் ஒரு கறுப்புத் துணியை விரித்து அதன் மேல் தலையணையை நாலு தட்டுத் தட்டிப் பாருங்கள். வெண்துகள் படிந்தால் வேறு தலையணையைப் பாருங்கள். ஜிப் இருந்தால் பஞ்சைக் கூட்டிக் குறைத்து உயரத்தைச் சரிசெய்துகொள்ளலாம், கையை விட்டு நடுப்பகுதியை உதிர்த்துவிடலாம், விதைகள் இருந்தால் பொறுக்கியும் எடுக்கலாம்.

இயற்கைப் பொருள் எதுவானாலும் வெயிலில் போடலாம் என்று நினைத்து நானே ஒரு நல்ல தலையணையைக் கெடுத்திருக்கிறேன். செந்தூலில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் பால்கனியில், இலவம்பஞ்சுக்குச் செய்வதைப் போலவே, லேடெக்ஸ் தலையணையையும் வாரந்தோறும் வெயிலில் வைத்தேன். சில மாதங்களில் வெயில் பட்ட பக்கம் பழுப்பாகி, அழுத்தினால் ரொட்டித் தூள்போல் உதிரத் தொடங்கியது. வெயிலும் வெப்பமும் ரப்பரை ஆக்சிஜனேற்றம் செய்துவிடும். லேடெக்ஸை நிழலில், காற்றோட்டத்தில்தான் உலர்த்த வேண்டும். இலவம்பஞ்சுக்கு வெயில் நல்லது, தண்ணீர் ஆகாது. அதைச் சலவை இயந்திரத்தில் போட்டால் கட்டிதட்டிப்போய், உலரவும் நாள் கணக்கில் ஆகும். பருத்தி மிகுந்த ஈரத்தை உறிஞ்சும், கனக்கும், சீக்கிரம் கட்டியாகும். பெரிய அளவில் முழுப் பருத்தித் தலையணையை நம் தட்பவெப்பத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். வெயில் விழாத பக்கம் வீடு இருப்பவர்கள் லேடெக்ஸை எடுப்பது நல்லது. நல்ல வெயிலும் பொறுமையும் உள்ளவர்களுக்கு இலவம்பஞ்சு பொருந்தும்.

இறகுத் தலையணையும் பக்வீட் என்ற தானியத்தின் உமியை அடைத்த தலையணையும் இங்கே கிடைக்கின்றன. வாத்து இறகு சரியாக உலராவிட்டால் நாற்றம் எடுக்கும். புலால் விலக்கும் வீடுகளில் அதை ஏற்காதவர்களும் உண்டு. பெரிய உமித் தலையணை 4, 5 கிலோ வரை கனக்கும், புரண்டு படுக்கும்போது சலசலக்கும். கனத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. பெரிய லேடெக்ஸ் தலையணையும் 2 கிலோவைத் தாண்டும். வயதான பெற்றோருக்கு வாங்குகிறீர்கள் என்றால், உறை மாற்ற அவர்களால் அதைத் தூக்க முடியுமா என்று பார்த்துவிடுங்கள்.

இயற்கைப் பொருள் என்றால் ஒவ்வாமை வராது என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. தூசிப்பூச்சிக்கு வேண்டியது வெதுவெதுப்பும் ஈரமும், நம் தோலிலிருந்து உதிரும் செதிலும். உள்ளே என்ன பஞ்சு என்பது அதற்குப் பொருட்டல்ல. ஆஸ்துமாவோ காலைத் தும்மலோ உள்ளவர்கள் பூச்சி புகாதபடி நெருக்கமாக நெய்து, ஜிப் வைத்து முழுவதும் மூடும் பாதுகாப்பு உறையையும் சேர்த்து வாங்க வேண்டும். வெளியுறையை 60 பாகை வெந்நீரில் துவைக்க வேண்டும். வீட்டு இயந்திரத்தில் வெந்நீர் வசதி இல்லையென்றால், அந்தச் சூடு கிடைக்கும் டோபிக் கடையைக் கேட்டறிந்து அங்கே போடலாம். ரப்பர்க் கையுறை போட்டால் தோல் தடிப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் லேடெக்ஸ் தலையணையை வாங்கக் கூடாது.

அக்காளின் தலையணையிலிருந்த பஞ்சில் ஓரத்துப் பகுதி நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் பூஞ்சண வித்துகளைப் பஞ்சிலிருந்து பிரிக்க வழியில்லை என்பதால் முழுவதையும் கொட்டிவிட்டோம். பிறகு புதுப் பஞ்சு வாங்கி, ஒரே பெரிய பைக்குப் பதிலாக ஜிப் வைத்த இரண்டு தட்டையான பைகளில் அடைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே உறைக்குள் வைத்தோம். படுக்கும்போது அது பெரிய தலையணை. சனிக்கிழமை காலைகளில் அக்காள் அதை இரண்டாகப் பிரித்துப் பால்கனிக் கம்பியில் சாய்த்துவைக்கிறார். மதியத்திற்குள் இரண்டும் நடுவரை உலர்ந்துவிடுகின்றன.