பீட்டில் ஆயில் கூலர் ஒழுகுகிறதா? சீல் மாற்றும் கையோடு வால்வையும் கழற்றிப் பாருங்கள்

பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் என்றால் எண்ணெய் ஒழுகத்தான் செய்யும் என்று சொல்லி, வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்துப் போட்டுவிட்டு இருந்துவிடுகிறார்கள் பலர். வால்வு மூடி ஓரத்தில் லேசாகக் கசிந்தால் அப்படி விடலாம், எண்ணெயைக் குளிர்விக்கும் ஆயில் கூலர் ஒழுகினால் விடவே கூடாது. இந்த இன்ஜினில் தண்ணீர் கிடையாது, ரேடியேட்டர் கிடையாது. விசிறிக் காற்றும் உள்ளே இருக்கும் இரண்டரை லிட்டர் எண்ணெயும்தான் சூட்டை வெளியே கொண்டுபோகின்றன. பம்ப் தள்ளும் எண்ணெய் முழு அழுத்தத்தோடு கூலருக்குள் போகிறது, அதனால் நிற்கும்போது சொட்டுச் சொட்டாகத் தெரியும் கசிவு ஓடும்போது பீய்ச்சி அடிக்கும். இருப்பதே இரண்டரை லிட்டர் என்பதால் நெடுஞ்சாலையில் வைத்துக் காலியாக அதிக நேரம் ஆகாது.

முதலில் ஒழுகுவது கூலர்தானா என்று உறுதி செய்யுங்கள். கூலர் இன்ஜினின் இடது பக்கம், 3வது சிலிண்டர் இருக்கும் பகுதிக்கு மேலே, விசிறிக்கூட்டை ஒட்டி நிற்கிறது (இடது என்று நான் சொல்வதெல்லாம் வண்டி ஓடும் திசையைப் பார்த்து நின்றால் வரும் இடது, ஃபிளைவீல் முன்பக்கம், புல்லி பின்பக்கம்). அங்கிருந்து வடியும் எண்ணெய் 3, 4 சிலிண்டர்களின் தகடுகள் வழியாக இறங்கி, புஷ்ராட் குழாய்களை (வால்வுகளைத் தள்ளும் கம்பிகள் போகும் குழாய்கள்) நனைத்து, அந்தக் குழாய் சீல்தான் போய்விட்டது என்று நம்ப வைத்துவிடும். ஹீட்டர் போட்டால் காருக்குள் எண்ணெய் கருகும் வாசனை வரும். இன்ஜினைக் கழுவிக் காயவைத்து, குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து, டார்ச் அடித்துப் பாருங்கள். சிலிண்டர் தகடுகளின் மேல்பக்கத்திலிருந்தே ஈரம் இறங்கினால் கூலர் அல்லது அதன் சீல். தகடுகள் காய்ந்திருந்து குழாயின் முனை மட்டும் நனைந்திருந்தால் அது வேறு வேலை.

அடுத்து, உங்கள் இன்ஜின் எந்த வகை என்று தெரிய வேண்டும். பழைய இன்ஜின்களில் கூலர் விசிறிக்கூட்டுக்கு உள்ளேயே நிற்கும், அதைத் தாண்டி வந்த சூடான காற்றுதான் 3வது சிலிண்டருக்குக் கிடைக்கும். அந்த சிலிண்டர் சீக்கிரம் அடிவாங்கியதற்கு இது ஒரு பெரிய காரணம். 1971 மாடலில் கூலரை முன்பக்கமாக நகர்த்தி, அதற்கென்று தனிக் கூடு வைத்தார்கள். நாய்க்கூண்டு மாதிரி துருத்திக்கொண்டிருப்பதால் அதற்கு 'டாக்ஹவுஸ்' என்று பெயர் வந்தது. பழைய வகைக்கு இரண்டு சீல், டாக்ஹவுஸில் நடுவே ஒரு தாங்கி இருப்பதால் நான்கு. எண்ணெய் போகும் துளைகளும் ஒன்றல்ல: பழைய கேஸில் (இன்ஜினின் நடு உலோகக் கூட்டில்) 8 மி.மீ., 1970 மாடலிலிருந்து 10 மி.மீ. கேஸ்கெட் செட்டில் இரண்டு மூன்று விதமான சீல்கள் வருவது இதனால்தான். பழைய கேஸில் புதிய கூலர் போட்டிருந்தால், ஒரு பக்கம் சிறுத்து மறுபக்கம் பெருத்த சீல் வேண்டும். கழற்றிய சீலைக் கையில் வைத்து ஒப்பிடாமல் எதையும் மாட்டாதீர்கள்.

சரி, வேலைக்கு வருவோம். இன்ஜினை இறக்காமலே விசிறிக்கூட்டைத் தூக்கி இதைச் செய்பவர்கள் உண்டு. முதல்முறை செய்பவருக்கு நான் சொல்வது, நான்கு 17 நம்பர் போல்ட்டுகளைக் கழற்றி இன்ஜினை இறக்கிவிடுங்கள். இன்ஜின் 100 கிலோவுக்கு மேல் எடை இருக்கும், நல்ல ஜாக்கியும் கூட ஒரு ஆளும் கட்டாயம். பின்பக்கத்தைத் தூக்கினால் ஸ்டாண்ட் போடாமல் அடியில் போகவே போகாதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் பேட்டரி வயரைக் கழற்றுங்கள், பெட்ரோல் ஹோஸை உருவி முனையை அடையுங்கள். இந்த வண்டிகள் தீப்பிடித்ததற்குப் பெரும்பாலும் பெட்ரோல் ஹோஸ்தான் காரணம், அது வெடித்துப் போயிருந்தால் இதோடு மாற்றிவிடுங்கள். எண்ணெயையும் வடித்துவிடுங்கள்.

ஃபேன் பெல்ட், கார்புரேட்டர், காயில், ஹீட்டர் ஹோஸ், ஜெனரேட்டர் பட்டை என்று வரிசையாகக் கழற்றுங்கள். கார்புரேட்டர் இருந்த துளையில் உடனே சுத்தமான துணியை அடைத்துவிடுங்கள், அதற்குள் ஒரு வாஷர் விழுந்தால் நாள் முழுக்கப் போய்விடும். வலது பக்கம் அடியில் தெர்மோஸ்டாட் இருக்கிறது. விசிறிக்கூட்டுக்குள் இருக்கும் காற்றுக் கதவுகளோடு அது ஒரு கம்பியால் இணைந்திருக்கும், அதை விடுவிக்காமல் கூட்டை இழுத்தால் கம்பி வளைந்துவிடும். பிறகு கூட்டின் இரண்டு பக்கத் திருகுகளையும் எடுத்துவிட்டு, கூட்டை ஜெனரேட்டரோடு சேர்த்து நேராக மேலே தூக்குங்கள்.

பழைய வகையில் கூலரைப் பிடித்திருப்பது மூன்றே நட்டுகள், 10 நம்பர் ஸ்பேனர். இரண்டுக்கு அடியிலிருந்து கை போக வேண்டும், ஒன்று மேலே. மெதுவாக ஆட்டி எடுங்கள், சுத்தியல் வேண்டாம்.

எடுத்த கூலரை மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கி, வெளியே வருவது தெளிவாகும் வரை கழுவுங்கள். ஒரு துளையை ரப்பரால் அடைத்து, மறுதுளையில் டயருக்கு அடிக்கும் அளவு காற்று கொடுத்து, வாளித் தண்ணீரில் முக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் அந்தக் கூலர் முடிந்தது. வரவில்லை என்றாலும் சந்தேகம் இருந்தால் ரேடியேட்டர் கடையில் கொடுத்து இன்னும் அதிக அழுத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். விரிசலை ஈயம் வைத்து அடைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதேபோல, பேரிங் போய் உலோகத்தூள் சுற்றிய இன்ஜினின் கூலரை எவ்வளவு கழுவினாலும் திரும்பப் போடக்கூடாது, மடிப்புகளில் தங்கிய தூள் புது பேரிங்கையும் தின்றுவிடும்.

இனி நான் அதிகம் வற்புறுத்தும் இடம். நான் முதல்முறை இந்த வேலையைச் செய்தபோது சீல்களை மட்டும் மாற்றி எல்லாவற்றையும் பூட்டினேன். இரண்டே வாரத்தில் அதே இடத்தில் மறுபடி எண்ணெய். கடைசியில் கோளாறு கேஸுக்கு அடியில், புல்லிப் பக்கம் இடது ஓரத்தில் இருக்கும் ரிலீஃப் வால்வில் இருந்தது. குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருக்கும், அழுத்தம் ஏறும், அப்போது வால்வுக்குள் இருக்கும் சின்ன பிஸ்டன் கீழே இறங்கி, எண்ணெயைக் கூலருக்குள் திணிக்காமல் வேறு வழியில் விட்டுவிட வேண்டும். பிஸ்டன் மேலேயே சிக்கிக்கொண்டால் அந்த அழுத்தம் முழுவதும் கூலர் மேல்தான். அப்புறம் எந்தக் கம்பெனி சீல் போட்டாலும் நிற்காது.

வால்வை மூடியிருக்கும், பெரிய வெட்டுள்ள திருகை அகலமான ஸ்க்ரூடிரைவரால் கழற்றினால் ஸ்பிரிங் வரும், பிஸ்டன் தானாக நழுவி வர வேண்டும். வராவிட்டால் மரை வெட்டும் 10 மி.மீ. டேப்பை பிஸ்டனின் உள்ளே இரண்டு சுற்று கடிக்கவிட்டு இழுங்கள். உள்சுவரைக் கீறிவிடாமல் செய்யுங்கள். பிஸ்டனில் கோடு விழுந்திருந்தால் மெல்லிய எமெரி தாளில் எண்ணெய் தொட்டுத் தேய்க்கலாம், மோசமென்றால் புதுசு போடுங்கள். திருப்பிப் போட்டால் விரலால் தள்ளினாலே வழுக்கிப் போக வேண்டும். 1970 மாடலிலிருந்து வந்த கேஸில் ஃபிளைவீல் பக்கமும் ஒரு வால்வு உண்டு. அதையும் கழற்றிப் பாருங்கள், ஆனால் இரண்டு ஸ்பிரிங்குகளும் ஒரே நீளம் இல்லை, மாறிவிடக்கூடாது.

இப்போது பூட்டுவது. சீல் உட்காரும் குழிகளைத் துணியால் துடையுங்கள். முதலில் சீல் இல்லாமல் கூலரை வைத்துப் பாருங்கள், மூன்று கால்களும் சமமாகப் படிய வேண்டும். ஒரு கால் தூக்கி நின்றால் அங்கே அந்த இடைவெளியின் கனத்தில் வாஷர் கொடுங்கள், இல்லாவிட்டால் நட்டை இறுக்கும்போது கூலர் முறுக்கிக்கொள்ளும். பிறகு சீல்களில் லேசாக இன்ஜின் ஆயில் தடவி வையுங்கள். சிலிகான் பசை வேண்டவே வேண்டாம், பிதுங்கும் பசை எண்ணெய் வழிக்குள் போய் அடைக்கும். மூன்று நட்டுகளையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக, 7 நியூட்டன் மீட்டர் வரை மட்டும் இறுக்குங்கள். கேஸ் மெக்னீசியக் கலவை, வேகமாக இறுக்கினால் கேஸில் பதிந்திருக்கும் ஸ்டட் மரையோடு பிடுங்கிக்கொண்டு வரும்.

விசிறிக்கூட்டைத் திரும்ப மாட்டும்போது தகரத் துண்டு எதையும் தேவையில்லை என்று ஒதுக்காதீர்கள். டாக்ஹவுஸில் கூலரின் சூட்டை வெளியே கொண்டுபோகும் தகரக் குழல் இல்லாவிட்டால், விசிறி அந்தச் சூடான காற்றையே மறுபடி இழுக்கும். இன்ஜினை ஏற்றியதும் எண்ணெய் ஊற்றுங்கள். காயிலின் நடுவயரைக் கழற்றி எர்த்தில் (இன்ஜினின் வெற்று உலோகத்தில்) பிடித்து, ஆயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்டரால் மட்டும் சுற்றவிடுங்கள், அதன்பிறகு ஸ்டார்ட் செய்யலாம்.

அன்று ஒழுகவில்லை என்று நிம்மதி அடைந்துவிட வேண்டாம், சூடான எண்ணெய்க்கு அழுத்தம் குறைவு. மறுநாள் காலை, வண்டி முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, 3வது சிலிண்டர் தகடுகளில் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே காய்ந்திருந்தால் வண்டியை வெளியே எடுக்கலாம்.