பியரில் மருந்து வாடை: பிளீச்சை விட்டபின் தீர்ந்தது

வீட்டில் காய்ச்சிய என் பியரில் மருந்து வாடை வந்ததற்குக் காரணம், பாத்திரங்களைக் கிருமிநீக்கப் பயன்படுத்திய பிளீச்தான். அலசியபின்னும் மிச்சமிருக்கும் குளோரின், வோர்ட்டில் (நொதிக்கும் முன் உள்ள மால்ட் சாறு) இருக்கும் பீனால் என்ற சேர்மங்களோடு சேர்ந்து, மருந்து வாடை வீசும் குளோரோபீனால் ஆகிறது. துளியளவு போதும், அந்தத் தடவை காய்ச்சிய பியர் முழுவதும் வீண். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் பிளீச் அரிக்கும்.

இப்போது ஸ்டார் சான் என்ற அமிலக் கிருமிநீக்கியைப் பயன்படுத்துகிறேன். 19 லிட்டர் தண்ணீருக்கு 30 மி.லி., அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 1.5 மி.லி. பரப்பு முழுவதும் 2 நிமிடம் ஈரமாக இருக்க வேண்டும். பிறகு வடிய விட்டால் போதும், அலசக் கூடாது. நுரையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஈஸ்ட்டை அது பாதிக்காது. உப்புத் தண்ணீரில் கலந்தால் சீக்கிரம் கலங்கிவிடும், ஆர்.ஓ. தண்ணீர் நல்லது. கரைசலின் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு) 3-ஐத் தாண்டினால் புதிதாகக் கலக்குங்கள்.

அயோடின் கலந்த கிருமிநீக்கியான அயோடோபாரும் (12.5 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 12.5 பங்கு அயோடின்) நம்பகமானதே. பிளாஸ்டிக்கில் கறை பிடிக்கும், அவ்வளவுதான்.

எந்தக் கிருமிநீக்கியும் அழுக்கின் மேல் வேலை செய்யாது. நொதிகலனின் (பியர் நொதிக்கும் பாத்திரம்) குழாயைத் திருகிப் பிரித்து, வாஷரைக் கழற்றி, சோடியம் பெர்கார்பனேட் என்ற சுத்தம் செய்யும் தூள் கலந்த வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்து அலசுங்கள். தொற்று பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். உட்புறம் கீறல் விழுந்த பிளாஸ்டிக் வாளியை மாற்றிவிடுங்கள்.

பிளீச்சையும் அமிலத்தையும் ஒருபோதும் கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும்.