புரோமின் எந்தக் கார்பனில் போய்ச் சேரும்? சேர்க்கை வினையை எழுதிப் பழகுவோம்

சேர்க்கை வினை (இரட்டைப் பிணைப்பு திறந்து, இன்னொரு மூலக்கூறு முழுதாக வந்து சேர்வது) என்றதும் பலர் மார்கோவ்னிகாவ் விதியை, அதாவது ஹைட்ரஜன் ஏற்கெனவே அதிக ஹைட்ரஜன் உள்ள கார்பனில் போய்ச் சேரும் என்பதை, மனப்பாடம் செய்ய உட்கார்ந்துவிடுகிறார்கள். அது வேண்டாம். எலக்ட்ரான் எங்கே போகிறது என்று அம்புக்குறி போட்டுப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். புரப்பீனோடு ஹைட்ரஜன் புரோமைடைச் சேர்ப்போம்.

படி 1: மூன்று கார்பன்களை வரிசையாக எழுதி, முதல் இரண்டுக்கும் நடுவே இரட்டைக் கோடு போடுங்கள். ஹைட்ரஜன்கள் முறையே 2, 1, 3. இரண்டு கோடுகளும் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் ஒன்று சிக்மா என்ற வலுவான பிணைப்பு, மற்றது பை என்ற வலுக் குறைந்த பிணைப்பு. சிக்மாவை உடைக்க மோலுக்கு ஏறத்தாழ 350 கிலோஜூல் வேண்டும். பை பிணைப்புக்குச் சுமார் 265 போதும். அதனால் பை மட்டும் திறந்துகொள்ளும், கார்பன் சங்கிலி அறுபடாது.

படி 2: புரோமின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுப்பதால் ஹைட்ரஜனில் லேசான நேர்மின் தன்மை இருக்கும். பை பிணைப்பிலிருந்து ஹைட்ரஜனுக்கு ஒரு வளைந்த அம்பு போடுங்கள். ஹைட்ரஜன்–புரோமின் பிணைப்பிலிருந்து புரோமினுக்கு இன்னொன்று. தொடக்கத்தில் பலரும் அம்பை ஹைட்ரஜனிலிருந்து போட்டுவிடுவார்கள். அம்பு எப்போதும் எலக்ட்ரான் இருக்கும் இடத்திலிருந்துதான் கிளம்ப வேண்டும்.

படி 3: இதுதான் முக்கியமான இடம், அவசரப்படாதீர்கள். ஹைட்ரஜன் ஓரக் கார்பனில் சேர்ந்தால் நேர்மின்சுமை நடுக் கார்பனில் நிற்கும். நடுவில் சேர்ந்தால் ஓரத்தில் நிற்கும். இரண்டையும் வரைந்து பாருங்கள். நடுக் கார்பனுக்கு இரண்டு பக்கமும் கார்பன் தொகுதிகள் எலக்ட்ரான் தந்து உதவுகின்றன. ஓரக் கார்பனுக்கு ஒரு பக்கம்தான். எனவே நடுவில் சுமையுள்ள அயனியே நிலைப்புத்தன்மை மிக்கது, அதுவே எளிதில் உருவாகும்.

படி 4: புரோமைடு அயனி அந்த நேர்மின்சுமையில் போய்ச் சேர, 2-புரோமோபுரப்பேன் (புரோமின் இரண்டாவது, அதாவது நடுக் கார்பனில்) கிடைக்கிறது. எண்ணிப் பாருங்கள்: கார்பன் 3, ஹைட்ரஜன் 7, புரோமின் 1. எதுவும் வெளியேறவில்லை; அதனால்தான் இது சேர்க்கை, பதிலீடு அல்ல.

மார்கோவ்னிகாவ் இந்த விதியைச் சொன்ன 1870 வாக்கில் எலக்ட்ரானே கண்டுபிடிக்கப்படவில்லை! விளைபொருள்களை மட்டும் பார்த்தே சொல்லியிருக்கிறார். அப்புறம், பெராக்சைடு இருந்தால் ஹைட்ரஜன் புரோமைடு தனி உறுப்புகள் (இணை சேராத எலக்ட்ரான் உள்ள துகள்கள்) வழியாக வினைபுரிந்து, புரோமின் ஓரக் கார்பனில் உள்ள 1-புரோமோபுரப்பேனைத் தரும். ஹைட்ரஜன் குளோரைடு அப்படி மாறாது.

சரி, இனி 2-மெத்தில்புரப்பீனை (புரப்பீனின் நடுக் கார்பனில் ஹைட்ரஜனுக்குப் பதில் இன்னொரு கார்பன் தொகுதி, CH₃) எடுத்து இதே படிகளைப் போட்டுப் பாருங்கள். இம்முறை சுமை தாங்கும் கார்பனோடு மூன்று கார்பன்கள் இணைந்திருக்கும்.