ராஸ்பெரி பை 3-ல ஐ2சி கன்ட்ரோலர் ரிஜிஸ்டர் செட் பண்றது எப்படி

காரைக்குடி, தேவகோட்டை பக்கம் காலேஜ் ப்ராஜெக்டுக்காக பழைய வீட்டு வளவுல பிஎம்இ280 சென்சார் வச்சு, தேக்குத் தூண் பக்கத்துல ஈரப்பதம் எவ்வளவுன்னு பாக்குற தம்பி தங்கச்சிங்களுக்காக எழுதுறேன். லைப்ரரி போட்டா சட்டுனு முடிஞ்சிரும், ஆனா டிரைவர் எழுதக் கத்துக்கணும்னா ரிஜிஸ்டர்ல (சிப்பை கட்டுப்படுத்துற சின்ன மெமரி இடம்) நேரா கை வச்சே ஆகணும்.

ஐ2சின்னா ரெண்டு வயர்ல சென்சாரோட பேசுற முறை. முதல்ல கெர்னலோட ஐ2சி டிரைவரை ஆஃப் பண்ணிருங்க. ஜிபிஐஓ 2, 3 பின் ரெண்டையும் ஆல்ட்0-க்கு (ஐ2சி வேலைக்கு) மாத்துங்க. பிஎஸ்சி1-ங்கிற ஐ2சி கன்ட்ரோலர் ஹெக்ஸ் 3எஃப்804000-ல இருக்கு, அதை ஐஓரீமேப் பண்ணிட்டா (கெர்னல் தொடுற அட்ரஸா மாத்திட்டா) முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டுன்னு நம்மூரு வீடு நேரா போற மாதிரி நாலு நாலு பைட் தள்ளி ஒவ்வொண்ணா வரும்: கன்ட்ரோல் 0, ஸ்டேட்டஸ் 4, டேட்டா லெங்த் 8, ஸ்லேவ் அட்ரஸ் சி, ஃபிஃபோ (டேட்டா வரிசையா நிக்கிற இடம்) 10, டிவைடர் (கோர் கிளாக்கை வகுத்து ஐ2சி வேகம் குடுக்கிறது) 14, எல்லாமே ஹெக்ஸ் கணக்கு. சாதா பாயிண்டர் வேண்டாம், ரிஜிஸ்டரைப் படிக்க எழுத கெர்னல் குடுக்கிற ரீட்எல் ரைட்எல் மட்டும் போதும்.

டிவைடர்ல கவனம் வேணும். டேட்டாஷீட் கோர் கிளாக் 150 மெகாஹெர்ட்ஸ்னு வச்சு 1500-ஐ டீஃபால்ட்டா குடுத்திருக்கு, அப்பதான் 100 கிலோஹெர்ட்ஸ் வரும். உங்க கோர் 250-ல ஓடுச்சுன்னா அதே 1500-க்கு 166 வந்துரும், 2500 போடணும். அதனால நம்பரை கோட்ல அடிச்சு வைக்காதீங்க, கிளாக் ரேட்டை கேட்டு வாங்கி வகுங்க.

அடுத்தது ஸ்டேட்டஸ், நிறைய பேர் மாட்டுறது இங்கதான். டன், எரர், கிளாக் டைம்அவுட் மூணு பிட்டும் 1 எழுதினாதான் அழியும், அதனால படிச்சு ஆர் பண்ணி திருப்பி எழுதினீங்கன்னா நீங்க இன்னும் பாக்காத எரரும் சேர்ந்து போயிரும். எந்த பிட் அழியணுமோ அதை மட்டும் எழுதுங்க.

இனி வரிசை: பழைய ஸ்டேட்டஸை அழி, ஃபிஃபோவை கிளியர் பண்ணு, ஸ்லேவ் அட்ரஸ்ல சென்சாரோட ஹெக்ஸ் 76 போடு (இடது பக்கம் ஷிஃப்ட் பண்ண வேணாம், ரீட் பிட் கன்ட்ரோல்ல தனியா இருக்கு), லெங்த் 1, ஃபிஃபோல ஹெக்ஸ் டி0 (சென்சார்ல சிப் ஐடி இருக்கிற ரிஜிஸ்டர்), கடைசியா எனேபிளும் ஸ்டார்ட்டும். ஸ்டார்ட்டோட கிளியர் பிட்டையும் சேர்த்து எழுதிட்டா போட்ட டேட்டா போயிரும். டன் வந்ததும் எரர் பிட் பாருங்க, 1 இருந்தா சென்சார் பதில் சொல்லலைன்னு அர்த்தம், வயரைப் பாருங்க.

அப்புறம் திரும்ப டன்னை அழிச்சு, லெங்த் 1, ரீட் பிட்டோட ஸ்டார்ட் குடுத்தா ஃபிஃபோல பிஎம்இ280-ஓட சிப் ஐடி ஹெக்ஸ் 60 வரணும். 58 வந்தா கோட்ல தப்பில்ல, உங்க கைல இருக்கிறது பிஎம்பி280, அதுல ஈரப்பதம் அளக்க முடியாது, கடைல குடுத்து மாத்திக்கோங்க.