'செக்' எங்கிருந்து வந்தது? ஒரு சொல்லின் வேரைத் தேடும் வழி

ஒரு ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் நேராக அகராதியைத் திறந்துவிடுகிறார்கள். அதற்கு முன்னால், அந்தச் சொல்லை எங்கெல்லாம் சொல்கிறோம் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 'செக்'கை எடுத்துக்கொள்வோம். கணக்கைச் செக் பண்ணுகிறோம், வங்கியில் செக் போடுகிறோம், கட்டம் போட்ட சட்டையைச் செக்டு சட்டை என்கிறோம், சதுரங்கத்தில் ராஜாவுக்குச் செக் வைக்கிறோம். இந்த நாலுக்கும் என்ன சம்பந்தம் என்ற குழப்பம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம் அகராதி. பொருளை விட்டுவிட்டு, சொற்பிறப்பு என்று பொடி எழுத்தில் இருக்குமே, அங்கே போங்கள். செக்கைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டே போனால் பழைய பிரெஞ்சு, அரபி என்று நகர்ந்து கடைசியில் பாரசீக 'ஷா'வில் போய் நிற்கும். ஷா என்றால் ராஜா. எதிராளியின் ராஜாவைத் தாக்கும்போது 'ஷா!' என்று குரல் கொடுத்ததுதான் இத்தனைக்கும் மூலம். பக்கத்தில் ஆண்டு போட்டிருந்தால் அது சொல் பிறந்த ஆண்டு இல்லை, எழுத்தில் கிடைத்த மிகப் பழைய சான்றின் ஆண்டு. வாயில் அதற்கு முன்பே புழங்கியிருக்கும்.

இனிமேல்தான் சுவாரசியம். ஒரு பொருளிலிருந்து அடுத்த பொருளுக்கு எப்படித் தாவியது என்று பார்க்க வேண்டும். ராஜாவுக்கு ஆபத்து என்றால் நினைத்தபடி ஆட முடியாது, அதனால் செக் என்பது தடையாயிற்று. தப்பு நடக்காமல் தடுக்க ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், அதனால் சரிபார்ப்பாயிற்று. வங்கிச் செக்கும் இந்த வழியில் வந்ததுதான். 18ஆம் நூற்றாண்டில் அந்தப் பெயர் முதலில் இருந்தது மோசடியைத் தடுக்க வைத்துக்கொண்ட கவுண்டர்ஃபாயிலுக்கு, அதாவது கிழித்த பிறகு கையில் தங்கும் அடிக்கட்டைக்கு, நாம் கிழித்துக் கொடுக்கும் தாளுக்கு இல்லை! கட்டம் போட்ட சட்டை சதுரங்கப் பலகையிலிருந்து வந்தது. இங்கிலாந்தின் கருவூலத்துக்கு எக்ஸ்செக்கர் என்று பெயர் வந்ததும் அப்படியே: 12ஆம் நூற்றாண்டில் ஏறக்குறைய 10 அடி நீளம், 5 அடி அகல மேசையில் கட்டம் போட்ட துணியை விரித்து, காய்களை நகர்த்தித்தான் அங்கே வரிக்கணக்குப் பார்த்தார்கள்.

ஒலியை மட்டும் நம்பாதீர்கள். எண்ணெய் ஆட்டும் செக்குக்கும் செக் குடியரசுக்கும் இதில் பங்கே இல்லை. அழகான கதை கிடைத்தாலும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். செக்மேட்டுக்கு 'ராஜா செத்தான்' என்று பலரும் பொருள் சொல்வார்கள், அரபியில் 'மாத்த' என்றால் செத்தான் என்பதால். பாரசீகத்தில் 'மாத்' என்றால் செய்வதறியாமல் திகைத்து நிற்பது. எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது, ஏனென்றால் ஆட்டத்தில் ராஜா வெட்டுப்படுவதே இல்லை, போக வழியில்லாமல் நிற்கிறார், அவ்வளவுதான்.

கடைசியாக, சொல்லின் உறவுக்காரச் சொற்களையும் விசாரியுங்கள். 'செஸ்' என்பதே பழைய பிரெஞ்சில் இந்தச் செக்கின் பன்மைதான். யானை, குதிரை, தேர், காலாள் என்ற நாலு படைகளால் சதுரங்கம் எனப் பெயர் பெற்ற ஆட்டம் பாரசீகத்தில் சத்ரங், அரபியில் ஷத்ரஞ்ச் ஆனது. ஆங்கிலம் அந்தப் பெயரை விட்டுவிட்டு ராஜாவைப் பிடித்துக்கொண்டது. ஸ்பானியர்கள் இன்றும் 'அஹெத்ரேத்' என்கிறார்கள், அதற்குள் நம் சதுரங்கம் இருக்கிறது.