பேஸ்பால் ஹைக்கூவில் ஸ்கோர் தேடாதீர்கள்

கோடைப் புல்—
பேஸ்பால் ஆடுபவர்கள்
அதோ, தொலைவில்

1898-ல் ஜப்பானியக் கவிஞர் மசாவோகா ஷிகி எழுதிய ஹைக்கூ இது, தமிழாக்கம் என்னுடையது. முதலில் படித்தபோது எனக்குச் சப்பென்றிருந்தது. பந்து எங்கே, அடி எங்கே, யார் ஜெயித்தது? மூன்று வரியில் ஒரு மேட்ச் ஹைலைட்ஸை எதிர்பார்த்ததுதான் என் முதல் தவறு. இந்த வகைக் கவிதைகளில் ஆட்டம் பெரும்பாலும் ஓரமாகத்தான் நடக்கும். மேலே உள்ளதையே பாருங்கள்: புல் கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஆட்கள் தூரத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறார்கள். நடுவே கிடக்கும் அந்த வெளிதான் கவிதை.

அடுத்த தவறு நேர் எதிரானது. கவிஞரின் கதை தெரிந்ததும் கவிதையை ஒப்பாரியாக்கிவிடுவது. ஷிகி மாட்சுயாமாக்காரர், 1867-ல் பிறந்தவர். ஹொரஸ் வில்சன் என்ற அமெரிக்க ஆசிரியர் 1872-ல் ஜப்பானுக்குக் கொண்டுவந்த பேஸ்பால், ஷிகி டோக்கியோவில் மாணவராக இருந்தபோது அவரைப் பித்துப்பிடிக்க வைத்தது. பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சராக ஆடினார். பேட்டருக்கு 'தாஷா', ஓடுபவருக்கு 'ஸோஷா' என்று அவர் ஆக்கித் தந்த சொற்களை ஜப்பானியர் இன்றும் புழங்குகிறார்கள். பிறகு காசநோய் முதுகெலும்பைப் பிடித்தது. இந்தக் கவிதையின் காலத்தில் பெரும்பாலும் படுக்கைதான். 1902-ல், 34 வயதில் இறந்தார்.

இதைத் தெரிந்துகொண்டபின் அந்தத் 'தொலைவில்' கனக்கத்தான் செய்யும். கனக்கட்டும். ஆனால் அதே 1898-ல் அவர் பேஸ்பாலைப் பற்றி வரிசையாகத் தான்கா என்னும் ஐந்தடிப் பாடல்களும் எழுதினார். ஓடுபவர்கள் வழியில் நின்று செல்லும் மூன்று பேஸிலும் ஆள் நிற்க நெஞ்சு படபடக்கிறது என்கிறது அதில் ஒன்று. படுக்கையில் கிடந்தபடி ஆட்டத்தின் பதற்றத்தை அனுபவித்த மனிதர் அவர். நாம் எதற்கு அவருக்காக மூக்கைச் சிந்த வேண்டும்?

பெரிய இழப்பு, ஹைக்கூவில் பருவத்தைச் சுட்டும் பருவச்சொல்லைத் தாண்டிப் போவதில்தான். 'கோடைப் புல்' வெறும் பின்னணி இல்லை. 1689-ல் ஹிராய்சுமியின் பழைய போர்க்களத்தில் நின்று, கோடைப் புல்தான் மிச்சம், வீரர்களின் கனவு போன தடம் என்று ஹைக்கூவின் பெருங்கவிஞர் பாஷோ எழுதிவிட்டார். ஜப்பானிய வாசகருக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் இது நினைவுக்கு வந்துவிடும். அதே புல், வீரர்கள் இருந்த இடத்தில் இப்போது மட்டையோடு சில இளைஞர்கள். நமக்கு இது புதிதில்லை. சங்கப் பாட்டில் கார்காலம் வந்தாலே, தலைவன் இன்னும் திரும்பவில்லை என்பது யாரும் சொல்லாமலே நமக்குப் புரிகிறதே, அப்படித்தான். பின்னாளில் விளக்கொளியில் நடக்கும் இரவு ஆட்டம், 'நைட்டா', தானே கோடைக்கான பருவச்சொல் ஆகிவிட்டது.

ஹைக்கூவின் மூன்று அடிகளையும் 5-7-5 அசை என்று விரல்விட்டு எண்ணுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜப்பானியர் எண்ணுவது ஒலிமாத்திரை. அவர்கள் வாயில் பேஸ்பால் 'பே-எ-ஸு-போ-ஓ-ரு' என ஆறாக விரிகிறது. 'நோ' என்ற உருபு சேர்ந்தால் ஏழு, நடு அடி நிறைந்துவிட்டது. தமிழில் 'பேஸ்பால்' இரண்டே அசை. எண்ணிக்கையைக் கட்டி இழுத்தால் வேண்டாத அடைமொழிகள்தான் உள்ளே நுழையும்.

கிரிக்கெட் கண்ணை மட்டும் கொஞ்சம் கழற்றி வைக்க வேண்டும். கிரிக்கெட்டில் பந்தை எந்தப் பக்கமும் அடிக்கலாம். பேஸ்பாலில் முன்னால் விரியும் ஒரு கால்வட்டத்துக்குள் விழுந்தால்தான் செல்லும். புறப்பட்ட இடத்தின் பெயர் 'ஹோம்'. மூன்று பேஸையும் சுற்றி அங்கேயே திரும்பினால்தான் ஒரு ரன். இது புரிந்தால் பேஸில் மாட்டிக்கொண்டு நிற்பவனைப் பற்றிய மூன்று வரி, வீடு திரும்பாதவனைப் பற்றியும் பேசத் தொடங்கும். தமிழாக்கத்தில் வசதிக்காகக் கிரிக்கெட் என்று மாற்றிவிட்டால் இது அத்தனையும் போச்சு.

நம் ஊருக்கே உரிய ஒரு பழக்கமும் உண்டு: மூன்றாம் வரியில் வெடி வெடிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு. பாரதி 1916-லேயே சுதேசமித்திரனில் ஹைக்கூவைப் பற்றி எழுதிவிட்டார். அதற்குப் பிறகு நாம் எழுதிக் குவித்ததில் பாதி, கடைசி வரியில் குத்தும் சென்ரியூ, அதாவது ஹைக்கூ வடிவிலேயே மனிதர்களைக் கிண்டலடிக்கும் கவிதை, என்பது என் அபிப்பிராயம். அம்பயரைக் கிண்டலடிக்கும் சென்ரியூவை நானும் ரசிப்பேன், ஆனால் அது வேறு சரக்கு. ஷிகியின் 1890-ஆம் ஆண்டுக் கவிதை ஒன்று, வெடியே இல்லாமல்:

வசந்தக் காற்று—
பந்து வீசத் தோன்றுகிறது
இந்தப் புல்வெளியில்

டோக்கியோ உவேனோ பூங்காவில் ஷிகியின் பெயர் தாங்கிய பேஸ்பால் மைதானத்தின் ஓரத்தில் இதைக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். மைதானத்தில் பந்து பறக்கிறது. கவிதையிலோ அது இன்னும் கைக்கே வரவில்லை.