சல்மாவின் நாவலுக்கு ஒரு காலண்டர் தாள்

இப்போதைய பெண் எழுத்தாளர்களின் பெரிய நாவல்களில் உறவுமுறை குழம்பி, நாற்பது பக்கத்தோடு மூடி வைத்துவிடுகிறீர்களா? ஒரு காலண்டர் தாளைக் கிழித்து உள்ளே வையுங்கள்.

2004இல் வந்த சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யை முதல் தடவை நான் பாதியில் விட்டேன். இரண்டாவது தடவை தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே படித்தேன்: ராபியா சிறுமி, அம்மா ஜொஹரா, பெரியம்மா ரஹீமா, ரஹீமாவின் மகள் வஹிதா, ஜொஹராவின் தங்கை ஃபிர்தவ்ஸ். பெயரோடு நிறுத்தாமல் பக்கத்திலேயே இன்னொன்றும் குறியுங்கள்: இவளால் யாரிடம் மனம்விட்டுப் பேச முடிகிறது? கதையின் உயிரே அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஃபிர்தவ்ஸின் பெயருக்கு எதிரே என்ன எழுதுவது என்று பென்சிலோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மனசு கனத்துப் போனது.

சரி, அவ்வளவு பெரிய புத்தகத்துக்கு நேரமில்லையா? அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' சிறுகதையை எடுங்கள். ஒரே உட்காரலில் முடித்துவிடலாம். அப்புறம் உங்கள் வீட்டுச் சமையலறையில் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள்.